நூறு கிலோ வரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

குண்டூசி எழுதுறேன். கடிதம்னா நலம்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும், அதனால நலம். நீங்க, அண்ணன், அம்மா எல்லாரும் எப்படி இருக்கீங்க? அண்ணனோட இருமல் நின்னுச்சா?

போன்ல சொல்ல முடியாத விஷயம், அதான் கடிதம். போன் பண்ணினா அம்மா ஸ்பீக்கர்ல போடச் சொல்றாங்க. முதல் கேள்வியே "இன்னும் ஏறிட்டியா?"ன்னுதான். கிரேன்லயான்னு கேட்டா, எடையிலங்கிறாங்க. வீட்டுக்கு எழுதினாலும் அவங்கதான் பிரிப்பாங்க. அதனால நீங்க வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கே அனுப்புறேன்.

விஷயம் இதுதான். என்னைக் கிரேன்ல இருந்து இறக்கிட்டாங்க.

போன வாரம் வருஷாந்தர மருத்துவப் பரிசோதனை. எடை பார்த்தாங்க. நாங்க ஏணியில ஏறும்போது இடுப்புலயும் தோள்லயும் ஒரு பாதுகாப்பு பெல்ட் மாட்டுவோம். கால் தவறினா அதுதான் பிடிக்கும். அதுல ஒரு துணிச் சீட்டு தைச்சிருக்கு: நூறு கிலோ வரை. பாதுகாப்பு அதிகாரி அதை எனக்குக் காட்டினார். "ஆளு, பூட்ஸ், வாக்கிடாக்கி, தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு"ன்னார். "அப்ப பாட்டிலைக் கீழயே வச்சிட்டுப் போறேன் சார்"னேன். "பாட்டிலை மட்டும் வச்சா பத்தாதும்மா"ன்னார். கேலியா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மனுஷன் ரொம்ப மரியாதையா சொன்னார்.

இப்ப தரையில நின்னு மேல இருக்கிறவருக்குக் கை காட்டுற வேலை. நான் கிரேன் ஓட்டின கூண்டுல நெட்டையன்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். பாரத்தை ஆட விட்டுத்தான் இறக்குறார். ஆகஸ்ட்ல என் லைசென்ஸைப் புதுப்பிக்கணும். அதுக்குள்ள மேல ஏறி வேலை பார்க்கலைன்னா நான் நிரந்தரமா தரைதான்.

சின்ன வயசுல ஒல்லியா இருந்தேன்னு எனக்குக் குண்டூசின்னு பேரு வச்சாங்க. இப்ப ஊசி எங்கயோ விழுந்துடுச்சு, மீதிதான் இருக்கு. சத்தியமா சொல்றேன், நான் அதிகமா சாப்பிடறதில்ல. என் ரூம்ல இருக்கிற வெல்டர் அக்கா என்னைவிட ரெண்டு பங்கு சாப்பிடுவா, ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கா.

அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க.

இப்படிக்கு,
குண்டூசி


ஜனவரி 28

குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்தது. கடை முதலாளி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இந்தக் காலத்துல கடிதமா?"ன்னு என் கையில கொடுத்தார். இங்க எல்லாரும் சுகம். உங்க அண்ணனுக்கு இருமல் குறைஞ்சிடுச்சு. வீட்டு வேலை ஏதாவது சொன்னா மட்டும் வருது.

உன் விஷயம் படிச்சு வருத்தமா இருந்தது. அத்தைகிட்ட சொல்லல. ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுக்கோ, சாயங்காலம் நட. இதைத்தான் உன்கிட்ட எல்லாரும் சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். எனக்கும் வேற தெரியல.

இங்க கதை நேர் எதிர். போன வருஷம் ஒரு டாக்டர்கிட்ட போனோமே, ஞாபகம் இருக்கா? என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உடம்புல சதையே இல்லையே, கொஞ்சம் எடை போடுங்க, குழந்தை தானா வரும்"னார். அவ்வளவுதான் வைத்தியம். அதுக்கு முன்னாடியே கல்யாணமான நாள்ல இருந்து அத்தை ஊட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப டாக்டரே சொல்லிட்டார்னு ஆயிடுச்சு. காலையில ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டுப் பால். பத்து மணிக்குக் கடைக்குப் பேரீச்சம்பழ டப்பா. சாயங்காலம் வெண்ணெயும் சர்க்கரையும் தடவின ரொட்டி. கண்ணெதிர்ல உட்கார்ந்து நான் முழுங்கினதைப் பார்த்தாதான் எழுந்திருக்கிறாங்க. அன்புதான், குறை சொல்லக்கூடாது. உன்னைத் தின்னாதேங்கிறாங்க, என்னைத் தின்னுங்கிறாங்க. நாம ரெண்டு பேரும் நடுவழியில சந்திச்சா அத்தைக்கு நிம்மதி.

என்ன, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல கண்ணைச் சொக்குது. லென்ஸ் தேய்க்கிற கல்லுக்கு முன்னாடி சொக்கினா ஆபத்து. கண்ணாடிக்கும் விரலுக்கும் கல்லுக்கு வித்தியாசம் தெரியாது.

பத்திரமா இரு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம்தானே? நான் பாதி நலம்.

சாப்பாட்டைக் குறைச்சேன். குறைச்சேன்னா சும்மா இல்ல. காலையில டீ, மத்தியானம் கைப்பிடிச் சோறு, ராத்திரி ஒரு ஆப்பிள். முதல்ல கொஞ்சம் இறங்கிச்சு. அப்புறம் நின்னுடுச்சு. அப்புறம் நான் ஒண்ணும் பண்ணாமலே பழைய இடத்துக்கு வந்துடுச்சு, வழி தெரிஞ்ச மாடு மாதிரி. போன வாரம் கை காட்டிக்கிட்டு இருக்கும்போதே கண் இருட்டிக்கிட்டு வந்து மணல் குவியல்ல உட்கார்ந்துட்டேன். நல்லவேளை, அப்ப கொக்கியில பாரம் இல்ல.

முதலுதவி அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வாரத்துக்கு ஒரு தடவை வர்ற லேடி டாக்டர் அன்னைக்கு இருந்தாங்க. ரத்த அழுத்தம் பார்க்கும்போது என் பின்னங்கழுத்தையே பார்த்தாங்க.

"இந்தக் கருப்பு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது அழுக்கு டாக்டர். எங்க அம்மா நார் போட்டுத் தேய்ச்சுப் பார்த்துட்டாங்க, போகல."

"அழுக்கு இல்லம்மா. தேய்க்கிறதை நிறுத்துங்க. மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

மழைக்காலத்துல வந்தது, அதுக்கப்புறம் இல்லன்னேன். ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்ல அண்ணி? கிரேன் மேல கழிப்பறை கிடையாது. அது வரலைன்னா எனக்கு விடுதலைன்னு நினைச்சேன். வேலைப் பளுவுல நின்னிருக்கும்னு விட்டுட்டேன்.

அப்புறம் தாடையைத் தொட்டுப் பார்த்தாங்க. அங்க எனக்கு முடி வரும். யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி இடுக்கி வச்சுப் பிடுங்கிடுவேன். ஒரே ரூம்ல இருக்கிற வெல்டர் அக்காவுக்கே தெரியாது. டாக்டர் விரல் அந்த இடத்துல பட்டதும் அழுதுட்டேன். எதுக்குன்னு தெரியல.

வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணுமாம், வயித்துக்கு ஸ்கேன் பண்ணணுமாம். முடிவு வந்ததும் எழுதுறேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு விவரமா எழுதுங்க. போன கடிதத்துல முழுக்க அம்மாவும் பாலும்தான் இருந்தது.

குண்டூசி


மார்ச் 30

குண்டூசிக்கு,

தாமதமா எழுதுறேன், மன்னிச்சுக்கோ. கடையில வேலை அதிகம். பள்ளிக்கூடம் ஒண்ணுல கண் பரிசோதனை முகாம் நடத்தி, பாதிப் பிள்ளைங்களை எங்ககிட்ட அனுப்பிட்டாங்க.

நான் நல்லா இருக்கேன். அத்தை சுகம். உங்க அண்ணனும் சுகம், புதுசா ஒரு சைக்கிள் வாங்கி வாசல்ல நிறுத்தி வச்சிருக்கார். தினமும் துடைக்கிறார்.

பட்டினி கிடக்காதே. அந்த டாக்டர் சொல்றதைக் கேளு.

ஒரு விஷயம் கேட்கணும். சும்மாதான். கடைக்கு வர்ற ஒருத்தங்களுக்காக. உனக்கு இருக்கிற மாதிரி, மாதம் தப்புறது, முடி வர்றது இதெல்லாம், எடை அதிகமா இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் வருமா? ஒல்லியானவங்களுக்கும் வருமா? டாக்டரைப் பார்த்தா கேளு. அவசரமில்ல.

அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். நிஜமாவே சொல்றேன். என்னன்னு தெரிஞ்சதே பாதி சுகம்.

எனக்கு இருக்கிறது பிசிஓஎஸ். சினைப்பையில முட்டை முழுசா வளர்ந்து வெளிய வராம, சின்னச் சின்ன கொப்புளம் மாதிரி அப்படியே நின்னுடுமாம். ஆனா என் கேஸ்ல இதுக்குப் பின்னாடி இன்சுலின் இருக்குன்னாங்க. நான் சர்க்கரை வியாதியான்னு பயந்துட்டேன். டாக்டர் சிரிச்சிட்டு விளக்கினாங்க.

"சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்துல இருந்து தசைக்குள்ள அனுப்பச் சொல்றது இன்சுலின். உங்க உடம்பு அது சொல்றதைக் காதுல வாங்கறதில்ல. அதனால உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்குது. அது கூடக் கூட ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, தின்னதைக் கொழுப்பா சேர்த்து வைக்குது. இன்னொண்ணு, சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்குது. முடி, மாதம் தப்புறது எல்லாம் அதனாலதான். கழுத்துல கருப்பு அதோட அடையாளம்."

"அப்ப நான் தின்னதால வரலையா?"

"எடை கூடினா இது மோசமாகும். இது இருந்தா எடை கூடும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சுத் தள்ளும். நீங்க வாயைக் கட்டலைங்கிறது மட்டும் காரணமில்ல."

அண்ணி, இத்தனை வருஷமா என்னைப் பார்த்து வாயைக் கட்டுன்னு சொன்ன ஒவ்வொருத்தர் முகமும் அந்த நிமிஷம் வரிசையா வந்துட்டுப் போச்சு. அம்மா முகமும்தான்.

இப்ப மாத்திரை. மூணு வேளையும் ஒழுங்கா சாப்பாடு. பருப்பு, முட்டை, காய் அதிகம்; சோறு, சர்க்கரை கம்மி. சாப்பிட்ட உடனே கொஞ்ச தூரம் நடக்கணும். பாரம் தூக்கிப் பயிற்சி பண்ணணும். தசை வேலை செஞ்சா இன்சுலின் சொல்றது அதுக்குக் கேட்குமாம். மொத்த எடையில இருபதுல ஒரு பங்கு குறைஞ்சாலே மாதம் திரும்பி வர வாய்ப்பு இருக்குன்னாங்க. மாத்திரை வயித்தைப் புரட்டுது. முதல் வாரம் நான் வேலை பார்த்ததைவிடக் கழிப்பறைக்கு ஓடினதுதான் அதிகம். தரை வேலையில அது ஒரு வசதி.

நீங்க கேட்கச் சொன்னதைக் கேட்டேன். ஒல்லியானவங்களுக்கும் வரும், அவங்களுக்கும் இன்சுலின் இப்படி எகிறலாம்னாங்க. ஒல்லியா இருக்கிறதால யாரும் சந்தேகப்படாம வருஷக்கணக்கா ஓடிடுமாம். கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லுங்க.

யாரு அண்ணி அது?

குண்டூசி


மே 6

குண்டூசிக்கு,

கடிதம் கிடைச்சு நாளாச்சு. உனக்குச் சரியான டாக்டர் கிடைச்சது பெரிய விஷயம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவுல போட்டுப் பாரு, புரட்டறது குறையலாம். மருந்துக் கடைக்காரர் சொன்னார்.

இங்க வீடே கொஞ்சம் மாறியிருக்கு. அத்தை என்னைத் தண்ணி வாளி தூக்க விடறதில்ல. பஸ்ல நின்னுக்கிட்டுப் போகாதேங்கிறாங்க. உங்க அண்ணன் சைக்கிளை விட்டுட்டு, பழைய சாமான் போட்டு வச்சிருந்த சின்ன ரூமைக் காலி பண்ணி வெள்ளை அடிக்கிறார். என்ன கலர் வேணும்னு கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னேன். கேட்கல.

நீ ஒண்ணும் கேட்காதே. நானும் ஒண்ணும் சொல்லல.

பால் இப்ப மூணு வேளை.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்கல! ஒரு வார்த்தை கேட்கல! ஆனா உங்க கடிதத்தைப் படிச்சிட்டு மணல் லாரிக்காரருக்குக் கை காட்டறதுக்குப் பதிலா கை தட்டிட்டேன். அவர் பின்னாடி எடுக்கணுமா முன்னாடி எடுக்கணுமான்னு தெரியாம நின்னுட்டார்.

எனக்கும் ஒரு சேதி இருக்கு. எனக்கு மாதம் வந்துடுச்சு. ஏழெட்டு மாசத்துக்கு அப்புறம். இடுப்பு வலியில உயிர் போச்சு, ஆனாலும் சிரிச்சேன். எடை கொஞ்சம்தான் இறங்கியிருக்கு. ராத்திரி தூக்கம் நல்லா வருது, மத்தியானம் அசதி இல்ல. வெல்டர் அக்கா காலி சிமெண்ட் சாக்குல பாதி மணல் கட்டிக் கொடுத்திருக்கா, அதைத் தூக்கித் தூக்கி இறக்குறேன்.

வேலைக்கு ஆட்டோல போங்க. சின்ன ரூமுக்கு மஞ்சள் கலர் வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. அவருக்கு மஞ்சளும் காவியும் ஒண்ணுதான்.

குண்டூசி


ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்துக்குப் பதில் எழுதவும்.

உனக்கும் உன் அண்ணிக்கும் கடிதப் போக்குவரத்து இருப்பது கண்ணாடிக் கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. எதையும் நான் பிரித்துப் படிக்கவில்லை.

உன் அண்ணி இப்போது வீட்டில் இல்லை. அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். நடந்தது இதுதான். இரண்டு மாதமாக அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடத்திலும் பார்த்தோம். அங்கும் அதே பதில். இப்படி நடப்பது இது நாலாவதோ ஐந்தாவதோ தடவை.

அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று மட்டும் கேட்டார்கள். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். தெரியல என்றாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று புரியவில்லை. சின்ன ரூமைப் பூட்டி வைத்திருக்கிறேன். அவள் அக்கா வீட்டு விலாசம் கீழே இருக்கிறது. நீ எழுதினால் கேட்பாள்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் எழுதினார். உங்க உடம்பு எப்படி இருக்கு? சாப்பிடுறீங்களா? உங்க அக்கா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?

போன கடிதத்துல நான் கை தட்டினேன்னு எழுதியிருந்தேன். அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க.

சுத்தி வளைக்காம எழுதுறேன். கடைக்கு வர்ற ஒருத்தங்கன்னு எழுதினீங்களே, அது நீங்கதானே? நாலஞ்சு தடவை நாள் தள்ளிப் போய் ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் இல்லன்னு ஆகுதுன்னா, நீங்க யாரையும் ஏமாத்தல. எனக்கு மழைக்காலத்துல இருந்து வராம இருந்ததே, அதேதான் உங்களுக்கும் நடக்குதுன்னு தோணுது. எனக்குக் கல்யாணம் ஆகாததால அதை யாரும் குழந்தைன்னு நினைக்கல. உங்களுக்கு நினைச்சிட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க டாக்டரை நகரத்துல அவங்க ஆஸ்பத்திரியில பார்க்கலாம். உங்க அக்கா ஊர்ல இருந்து பஸ்ல அரை நாள்தான். திங்கட்கிழமை எனக்கு லீவு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வர்றேன். வேண்டாம்னு பதில் எழுதினாலும் கடிதம் வர்றதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன்.

குண்டூசி


ஜூலை 16

குண்டூசிக்கு,

நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போனதுக்கு நன்றின்னு எழுதினா திட்டுவே. அதனால எழுதல.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நீ சொன்னதுதான். இன்சுலின் எக்கச்சக்கமா இருக்கு. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. டாக்டர் நான் தினம் என்ன சாப்பிடுறேன்னு கேட்டாங்க. பால், பேரீச்சம்பழம், சர்க்கரை ரொட்டின்னு வரிசையா சொன்னேன். பேனாவைக் கீழ வச்சிட்டாங்க. "எத்தனை வருஷமா?" "நாலு வருஷமா." "ஆனாலும் எடை ஏறலையா?" "என் உடம்பு வாகு அப்படி." "வெளிய ஏறலை. உள்ள ஏறியிருக்கு"ன்னாங்க.

உன்கிட்ட மறைச்சேன்னு நினைக்காதே. எனக்குப் பதினஞ்சு வயசுல இருந்தே ரெண்டு மாசம், மூணு மாசம்னு தள்ளித்தான் வரும். முடி விஷயமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ல எங்க வீட்டுல விடல. கல்யாணத்துக்கு அப்புறம், ஒவ்வொரு தடவை தள்ளிப் போகும்போதும் இந்தத் தடவை நிஜமா இருக்கலாம்னு எனக்கே தோணும். சந்தோஷமா இருக்கிற வீட்டுல போய், இருங்க, இது அதுவா இல்லாமலும் இருக்கலாம்னு எப்படிச் சொல்றது? சொல்ல நினைச்சு நினைச்சு நாள் போயிடும்.

உங்க அண்ணன் போன வாரம் எங்க அக்கா வீட்டுக்கு வந்தார். ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். "இதுக்கு மருந்து இருக்கா?"ன்னார். இருக்குன்னேன். "குழந்தை?"ன்னார். பிறக்கலாம், நாள் ஆகலாம், பிறக்காமலும் போகலாம், டாக்டர் வாக்குக் கொடுக்கலன்னேன். ரிப்போர்ட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுட்டு, "பஸ் அஞ்சு மணிக்கு. பையை எடுத்து வை"ன்னார். கோவமான்னு நினைச்சேன். வழியில ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்.

வீட்டுல அத்தைகிட்ட அவரே சொன்னார். நான் நினைச்ச மாதிரி சத்தம் வரல. "ஒல்லியா இருக்கிறவளுக்குச் சர்க்கரையா?"ன்னு கேட்டாங்க. அப்புறம், "அப்ப நான் கொடுத்ததெல்லாம்?"னாங்க. எழுந்து உள்ள போய்ப் படுத்துட்டாங்க. மறுநாள் காலையில பால் வந்தது, சர்க்கரை இல்லாம. டம்ளரை மேஜையில வச்ச சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். மன்னிப்புன்னு ஒண்ணும் வரல. நான் எதிர்பார்க்கவும் இல்ல.

உன் விஷயத்தையும் சொல்லிட்டேன், அவங்க கேட்டதால. "அவ கழுத்தை நான் நார் போட்டுத் தேய்ச்சேன்"னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாங்க.

மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன். நீ எழுதினது உண்மை, கழிப்பறைதான் இப்ப என் முகவரி.

அண்ணி


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலமா? மாத்திரை பழகிடுச்சா? எனக்கு ரெண்டு மாசத்துல அடங்கிடுச்சு.

எடை ஆறு கிலோ இறங்கியிருக்கு. கேட்க நல்லா இருக்கு. ஆனா பூட்ஸையும் வாக்கிடாக்கியையும் சேர்த்தா இன்னும் நூறுக்கு மேலதான். லைசென்ஸ் நாள் நெருங்குது. போன வாரம் பாதுகாப்பு அதிகாரி அறைக்குப் போனேன். பட்டினி கிடந்து எப்படியாவது நாலு நாள்ல இறக்கிடறேன் சார்னு கெஞ்சத்தான் போனேன். அந்த பெல்ட் மேஜை மேலயே இருந்தது. சீட்டைப் பார்த்ததும் வாயில வேற வார்த்தை வந்துடுச்சு.

"சார், இதைவிடப் பெரிசு கிடையாதா?"

"இருக்கே. நூத்தி நாப்பது கிலோ வரைக்கும் தாங்கறது இருக்கு."

"அப்ப ஏன் வாங்கல?"

அவர் நிஜமாவே யோசிச்சார். "யாரும் கேட்கலையேம்மா."

நான் அங்கயே உட்கார்ந்துட்டேன் அண்ணி. ஜனவரியில இருந்து தரையில நிக்கிறேன். சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. ஏணியும் கூண்டும் எவ்வளவு தாங்கும்னு ஏட்டைப் புரட்டினார். அதுலெல்லாம் என்கூட இன்னொரு நானும் ஏறலாம். பெல்ட் மட்டும்தான் சின்னது. ஆர்டர் போட்டார், அஞ்சாம் நாளே புது பெல்ட் வந்துடுச்சு. டாக்டரும் மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து ஏறலாம்னு எழுதிக் கொடுத்தாங்க.

நேத்து ஏறினேன். முன்னாடி ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்குவேன். இந்தத் தடவை ஒரே தடவைதான் நின்னேன். கூண்டுல நெட்டையன் சீட்டைப் பின்னாடி தள்ளி வச்சிருந்தார், கால் எட்டல. முன்னாடி இழுத்துப் போட்டேன். கீழ அவர் நின்னு கை காட்டினார். முதல் பாரம் ஒரு தண்ணித் தொட்டி. ஆடாம இறக்கினேன். கீழ இருந்து பார்த்துட்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மாத்திரையை நிறுத்தல, மணல் மூட்டையையும் நிறுத்தல. பெல்ட்டுக்காக இல்ல. டாக்டர் சொன்னாங்க, இது என் கூடவே இருக்கப்போறது, சண்டை போட்டுத் துரத்த முடியாது, கட்டி மேய்க்கணும்னு.

அம்மா நேத்து போன் பண்ணினாங்க. ஸ்பீக்கர் இல்ல. "மாத்திரை போட்டியா?"ன்னு கேட்டாங்க. போட்டேன்னேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்ல. ஆனாலும் யாரும் உடனே வைக்கல.

குண்டூசி


செப்டம்பர் 5

குண்டூசிக்கு,

எல்லாரும் சுகம். நீ மேல ஏறினதை உங்க அண்ணன் தெருவுல பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்றார். எத்தனை மாடின்னு கேட்டா ஆளுக்கு ஒரு கணக்கு.

எனக்கு வந்துடுச்சு. நேத்து, கடையில. போன மாசமும் வந்தது, ஒரு தடவைதானேன்னு எழுதல. இது ரெண்டாவது. ஒரு மாசத்துக்கு அடுத்த மாசம், எல்லாருக்கும் வர்ற மாதிரி. என் வாழ்க்கையில இப்படி வந்ததா ஞாபகமே இல்ல.

நாலு வருஷமா இந்த நாள் எங்க வீட்டுல எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நான் எதுவும் சொல்ல வேண்டாம், குளியலறையில இருந்து வெளிய வர்ற முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுப்பாங்க. அத்தை பாத்திரத்தைச் சத்தமா கழுவுவாங்க. உங்க அண்ணன் டிவியைப் போடுவார். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம்.

நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். பழக்கத்துல அத்தை முகம் விழுந்துடுச்சு. "அத்தை, இது நல்ல சேதி"ன்னேன். "இதுவா?"ன்னாங்க. ஆமா, முட்டை ஒழுங்கா வர ஆரம்பிச்சிருக்கலாம், டாக்டர் இதைத்தான் எதிர்பார்க்கச் சொன்னாங்கன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் போனை எடுத்து உங்க அண்ணனைக் கூப்பிட்டு, "டேய், சீக்கிரம் வாடா, நல்ல சேதி"ன்னு சொல்லி வச்சிட்டாங்க. நான் தடுக்கறதுக்குள்ள.

மனுஷன் சைக்கிளை வாசல்ல சாய்ச்சுப் போட்டுட்டு ஓடி வந்தார். முகம் எப்படி இருந்ததுன்னு நான் எழுதப் போறதில்ல. உட்கார வச்சு, அது இல்லைங்க, இதுன்னு மெதுவா சொன்னேன். "ஓ"ன்னார். கையில இருந்த சாவியைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அத்தை அடுப்பங்கரை வாசல்ல நின்னாங்க.

"அப்ப இதுக்குச் சந்தோஷப்படணுமா?"ன்னு கேட்டார்.

"படலாம்"னேன்.

செருப்பைக்கூடக் கழட்டாம கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் பட்டார்.

அன்புடன்,
அண்ணி